போடோரின் குதிரைகளுக்குக் கொள்ளு

பிப்ரவரி 3, புடாபெஸ்ட்

இந்த டைரியை வாங்கிக் கொடுத்தது வாணிதான். "பேசணும்னு தோணுனா இதுல எழுதிக்குங்க மாமா. ஹாலுக்குள்ள மட்டும் வாயைத் தொறக்காதீங்க" என்றாள். போன வருடம் செர்பியாவில் அவள் செஸ் ஆடிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாணி, ஸ்வெட்டரைப் போட்டுக்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நடுவர் ஓடிவந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார். ஸ்வெட்டர் என்பது ஏதோ ரகசியக் குறிப்பு என்று நினைத்துவிட்டார் போல. ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வாணி மட்டும் பார்க்கவில்லை. ஸ்வெட்டரையும் போடவில்லை.

டைரிக்கு என்னை யாரென்று சொல்ல வேண்டும். சென்னியப்பன். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறேன். கோகிலவாணி என் மனைவி, என் அத்தை மகள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அந்த விளையாட்டு செஸ். பெண்கள் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது. இப்போது அவள் துரத்துவது ஆண் பெண் பிரிக்காத முழு கிராண்ட்மாஸ்டர் பட்டம். அதற்கான ரேட்டிங்கை, அதாவது ஆட்டத்திறன் மதிப்பை, ஏற்கெனவே தொட்டுவிட்டாள். கூடவே மூன்று நார்ம் வேண்டும். நார்ம் என்றால், பலமான ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் அளவுக்கு ஆடினாள் என்பதற்கு அத்தாட்சி. இரண்டு வாங்கிவிட்டாள். மூன்றாவது ஏழு வருடமாகக் கண்ணாமூச்சி காட்டுகிறது.

"இதுதான் கடைசி. இதுவும் வரலைன்னா பலகையை மடிச்சு அட்டாலில போட்டுட்டு ஆபீஸ்ல போய் உக்காந்துக்கறேன்" என்று விமானத்தில் சொன்னாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்தவன். எனக்குச் செஸ் தெரியாது.

பெட்டியில்: அரிசி, கரண்ட் குக்கர், மிளகு, சீரகம், புளி, இரண்டு கிலோ கொள்ளு. சுங்கத்தில் இருந்த பெண் கொள்ளைக் கையில் அள்ளிப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். உணவு என்றேன். யாருக்கு என்றாள்.

பிப்ரவரி 4

இன்று கூட்டம். மொத்தம் பத்துப் பேர். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஆட வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம். வாணிக்கு ஒன்பது ஆட்டத்தில் ஆறரைப் புள்ளி வேண்டும். ஜெயித்தால் ஒன்று, டிரா செய்தால் அரை. நடத்துவது இல்திகோ என்ற அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது, சிரித்துக்கொண்டே அதட்டுகிறார். கல்யாண மண்டப மேனேஜராகப் போடலாம்.

நார்முக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. எதிரில் ஆடுகிறவர்களில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும். அதற்காகவே இங்கே மூன்று பேரை அழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருவர் செர்பியாக்காரர், ஒருவர் வியட்நாம்காரர். மூன்றாமவர் உள்ளூர்ப் பெரியவர், போடோர் ஆர்பாத். ஹங்கேரியில் குடும்பப் பெயரை முன்னால் சொல்கிறார்கள், நம் இனிஷியல் போல. அறுபத்தெட்டு வயது. ஆறடி உயரம். முழங்கை தேய்ந்த பழுப்பு ஸ்வெட்டர்.

சீட்டுக் குலுக்கியதில் வாணிக்குக் கடைசிச் சுற்றில் போடோர் வந்தார். உடனே மேடவாக்கம் பாலகுருநாதன் என் தோளைத் தட்டினார். அவர் மகன் நிரஞ்சனும் ஆடுகிறான். மகன் ஆடுவான், இவர் மூச்சு வாங்குவார்.

"உங்களுக்கு லக்கு சார்! கடைசி ரவுண்டு போடோரா? அவரு வாடகை கிராண்ட்மாஸ்டர் சார். பன்னெண்டு மூவ்ல டிரா குடுத்துட்டு சூப் குடிக்கப் போயிடுவாரு. மொத நாள் யாராவது போயி காதுல ஒரு வார்த்தை போட்டா போதும், அவ்ளோதான்."

"வாடகையா?"

"பட்டம் ஆயுசுக்கும் இருக்கும்ல சார். ரேட்டிங் போயிடுச்சு. அந்தப் பட்டத்துக்காகத்தான் மாசாமாசம் கூப்பிட்டு உக்கார வெக்கிறாங்க."

கூட்டம் முடிந்து வாணி அந்தப் பெரியவரிடம் போய் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து கேட்டார், புருவத்தைத் தூக்கினார், சிரித்தார். என்ன பேசினாய் என்று கேட்டேன். "சும்மா வணக்கம் சொன்னேனுங்க" என்றாள்.

பிப்ரவரி 5

ஜெயித்தாள். எலுமிச்சை சாதம்.

பிப்ரவரி 6

டிரா. நான் ஹாலுக்குப் போகவில்லை. ஊர் சுற்றிப் பார்க்கத்தானே வந்தேன். டான்யூப் ஆற்றின் மேல் ஒரு பெரிய பாலம், இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். அருமையான இடம். பாலத்தின் நடுவில் நின்று போனில் ஆட்டத்தைப் பார்த்ததில், அக்கரைக்குப் போக மறந்துவிட்டேன். இருபதாவது மூவில் அவள் யானையை நகர்த்தியிருக்க வேண்டாம். எனக்குச் செஸ் தெரியாது, சும்மா பட்டதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 7

ஜெயம். இரண்டரை.

இன்று போடோர் ஆட ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார். பன்னிரண்டே மூவ், டிரா, கை குலுக்கல், சூப். நான் கேன்டீனில்தான் இருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே வகுப்பில் பெயிலானவை. அதனால் நன்றாகப் புரிந்தது. இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

"நீங்கள் செஸ் ஆடுவீர்களா?"

"இல்லை. நான் கிரைண்டர் செய்கிறேன். மாவு அரைக்கும் இயந்திரம்."

"நல்லது. இந்தக் கட்டடத்தில் உபயோகமான வேலை செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான்."

அவர் போனபின் இல்திகோ வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். இருபத்து மூன்று வயதில், அந்த நாளில் யாராலும் தொட முடியாத ஒரு ரஷ்யரை இதே ஊரில் வைத்துத் தோற்கடித்தாராம். மறுநாள் டிராம் ஓட்டுநர் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, இறங்கிவந்து கை கொடுத்தாராம். பின்னால் நின்ற வண்டிகளில் ஒன்றுகூட மணி அடிக்கவில்லையாம். உலகத்திலேயே முதல் இருபது பேருக்குள் இருந்தவர். பிறகு ஆட்சி மாறியது, செஸ்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த சம்பளம் நின்றது, இளவட்டங்கள் கம்ப்யூட்டரோடு வந்தார்கள். "இப்போது இவர் எனக்கு வேண்டிய மூன்றாவது கிராண்ட்மாஸ்டர்" என்றார் இல்திகோ. சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு என்னவோ போலிருந்தது. அந்த சூப்பும் நன்றாக இல்லை.

பிப்ரவரி 8

செர்பியாக்காரரிடம் தோற்றாள். புளிசாதம்.

பிப்ரவரி 9

ஜெயம். மூன்றரை. நேற்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். விடியற்காலை பால் வண்டி வந்தது, பிறகு பேப்பர்காரன், பிறகு குப்பை வண்டி.

பிப்ரவரி 10

ஓய்வு நாள். வாணியை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். ஆற்றோரம் பனியும் மழையும் கலந்து தூறியது. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கோட். அப்படியும் அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"வரலைன்னா வருத்தப்படுவீங்களா மாமா?" என்றாள்.

"எனக்கென்ன வருத்தம்? ஆபீஸ்ல உக்காந்தா எனக்குச் சூடா டீயாச்சும் கிடைக்கும்."

"அப்படீங்களா?"

"பின்னே? ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போலாம். உங்கக்கா பேரன் காதுகுத்துக்குப் போலாம். ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க, உம் பொண்டாட்டி எந்த நாட்டுலன்னு. இனி வீட்லதான்னு சொல்லிக்கலாம்."

அவள் என் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அப்ப எதுக்கு முந்தாநேத்து ராத்திரி பாத்ரூம்ல உக்காந்து என்ர நாலாவது ரவுண்ட் ஆட்டத்தைப் போன்ல நகத்தி நகத்திப் பாத்தீங்க?"

அது வேறு ஆட்டம் என்றேன்.

திரும்பி வரும்போது டிராம் நிறுத்தத்தில் போடோரைப் பார்த்தோம். தலையில் குல்லா இல்லை. பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வந்தது, ஏறவில்லை. இருமிக்கொண்டே எங்களுக்குக் கையாட்டினார்.

பிப்ரவரி 11

வியட்நாம்காரரை அடித்துவிட்டாள்! கிராண்ட்மாஸ்டரை! நாலரை. கேன்டீனில் எல்லோருக்கும் நானே காபி வாங்கிக் கொடுத்தேன். போடோரும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. இன்று எட்டே மூவில் டிரா.

பிப்ரவரி 12

போடோர் வரவில்லை.

மூன்று மணிக்குக் கடிகாரத்தைத் தட்டினார்கள். நிரஞ்சன் பலகைக்கு எதிரே காலி நாற்காலி. மூன்றரைக்கு நடுவர் வந்து நிரஞ்சனுக்கு ஒரு புள்ளி என்று எழுதினார். நான் பாலகுருநாதனுக்குக் கை கொடுக்கப் போனேன். மனிதர் சுவரில் சாய்ந்து நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"புள்ளி வந்துச்சு சார், நார்ம் போச்சு! ஆடாத ஆட்டம் கணக்குலயே வராது சார். மூணு கிராண்ட்மாஸ்டரோட நெஜமா ஆடியிருக்கணும். இப்ப என் பையன் ஆடுனது ரெண்டு பேரோட. இனி அவன் எல்லாத்தையும் ஜெயிச்சாலும் ஒண்ணும் கெடையாது. ஆளு வந்து உக்காந்து தோக்கடிச்சிருந்தாக்கூட சான்ஸ் இருந்துச்சு சார்!"

நாளை மறுநாள் வாணிக்கும் அதே நாற்காலி. ஆள் வராவிட்டால் சும்மா ஒரு புள்ளி கையில் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். என்ன விளையாட்டு இது! எதிராளிக்குக் காய்ச்சல் வந்தால் நம் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது.

வாணி இன்று டிரா. ஐந்து.

இல்திகோவிடம் போடோரின் விலாசம் வாங்கினேன். "ஃப்ளூ காய்ச்சல். தனியாக இருக்கிறார். மகள் வியன்னாவில். டாக்டர் பார்த்துவிட்டார், ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்" என்றார். நான் நேராக அறைக்குப் போய்க் கொள்ளை வேகவைத்தேன். மிளகும் பூண்டும் கூடவே தட்டிப் போட்டேன். நெடி தாங்காமல் ஓட்டல்காரர் கதவைத் தட்டினார். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்ததும் போய்விட்டார்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி. போடோர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தார். ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே விட்டார். முதல் வாயில் கண் பிதுங்கியது. இரண்டாம் வாயில் மூக்கு திறந்தது.

"இது என்ன சூப்?"

"கொள்ளு ரசம். எங்கள் ஊரில் சளிக்கு இதுதான்."

"எதில் செய்வது?"

"பயறு. குதிரைக்குப் போடுவது."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் சிரிப்பு வந்தது. ஓரத்தில் மேஜை மேல் பலகை இருந்தது. அதிலிருந்து கறுப்புக் குதிரைகள் இரண்டையும் எடுத்து வந்து டம்ளர் பக்கத்தில் நிறுத்தினார். "இவர்களும் பல வருடமாகப் பட்டினி" என்றார்.

பிப்ரவரி 13

வாணி ஜெயித்தாள். ஆறு புள்ளி! நாளைக்கு அரைப் புள்ளி போதும், ஒரே ஒரு டிரா. ஆனால் எதிரில் ஆள் வேண்டும்.

போடோர் இன்று சால்வையோடு வந்து, ஆறு மூவில் டிரா செய்துவிட்டு டாக்சி ஏறினார். நான் பின்னாலேயே ஃப்ளாஸ்க்கோடு போனேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. சுவரில் ஒரே ஒரு படம்: பாலத்தில் நிற்கும் டிராம், ஒல்லியான ஓர் இளைஞன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு தொப்பி போட்ட ஓட்டுநர். அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து ரசத்தைக் குடித்து முடித்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, ரொம்பவும் கனிவாகச் சொன்னார்:

"மிஸ்டர் சென்னி, சரி. நாளைக்கு டிரா. பன்னிரண்டு மூவ்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"எல்லோரும் கேட்பார்கள். அம்மா வருவார், அப்பா வருவார், கோச் வருவார். நீங்கள் கூச்சப்படுகிறவர். சூப் மட்டும் கொண்டுவருகிறீர்கள், கேட்கவே மாட்டேன் என்கிறீர்கள். அதனால் நானே சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு வேண்டியது கிடைக்கும்."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்திருக்க வேண்டும். ஏழு வருடம். அரைப் புள்ளி. தட்டில் வைத்து நீட்டுகிறார். ஆனால் எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, ரசம் காய்ச்சலுக்கு. டிராவுக்கு இல்லை" என்றேன். "உங்கள் டிரா என் மனைவிக்கு வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கிற டிராவில் பட்டம் வாங்குகிறவளாக இருந்தால், இவ்வளவு வருடம் எதற்கு நாடு நாடாக அலைகிறாள்? நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும். ஆடுங்கள். ஜெயிக்கிறதற்கு ஆடுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்."

வாடகை என்ற வார்த்தை வாயை விட்டுப் போனபிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"வாடகை" என்றார் போடோர் மெதுவாக. "அப்படித்தான் சொல்கிறார்களா?"

அவர் எழுந்து, ஃப்ளாஸ்க்கைக் கழுவி, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "நாளை மூன்று மணி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இரண்டாவது மாடி வரை கம்பீரமாக இறங்கினேன். முதல் மாடியில்தான் மூளை வேலை செய்தது. அடப்பாவி சென்னியப்பா, என்ன காரியம் செய்துவிட்டாய்! அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டியம்மாள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

வாணியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் நாளைக்கான ஆட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். தொந்தரவு செய்யக்கூடாது.

பிப்ரவரி 14

இன்று காதலர் தினமாம். ஓட்டலில் எல்லா மேஜையிலும் ரோஜா. எனக்கு இட்லிமாவைப் போல வயிறு புளித்துக்கிடந்தது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போடோர் வந்தார். அடர் நீலக் கோட், உள்ளே வெயிஸ்ட்கோட், டை, மழமழவென்று சவரம் செய்த முகம். இல்திகோ நெஞ்சில் கை வைத்தார். "இந்தக் கோட்டைப் பார்த்துப் பதினைந்து வருடம் இருக்கும்" என்றார் என்னிடம். "இன்றைக்கு என்ன விசேஷம்?" எனக்குத் தெரியாது என்றேன்.

வாணி வெள்ளை. அவர் கறுப்பு. பன்னிரண்டாவது மூவ் வந்தது. பாலகுருநாதன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பதிமூன்றாவது வந்தது. பதினெட்டாவது வந்தது. போடோர் நிமிரவே இல்லை. இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றி, பலகையை மோந்து பார்ப்பதுபோலக் குனிந்திருந்தார்.

"என்ன சார் பண்றாரு இவரு?" என்று என் காதைக் கடித்தார் பாலகுருநாதன். "நேத்து போயி சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேனுங்க."

"என்னன்னு சொன்னீங்க?"

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

எனக்குச் செஸ் தெரியாது. ஆனால் அந்த மனிதரின் குதிரைகள் ஆடிய ஆட்டம் தெரிந்தது. ஒன்று நட்டநடுவில் வந்து உட்கார்ந்து நகர மாட்டேன் என்றது. இன்னொன்று ஓரத்தில் ஒதுங்கிப் போவதுபோலப் போய், வாணியின் ராஜா பக்கத்தில் எகிறிக் குதித்தது. நான் வேகவைத்த கொள்ளு! என் கையால் பூண்டு தட்டிப் போட்டது! ஒரு சிப்பாய் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மற்ற ஆட்டங்கள் முடிந்து எல்லோரும் இந்தப் பலகையைச் சுற்றி நின்றார்கள். செர்பியாக்காரர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். எங்கிருந்தோ வயதானவர்கள் நாலைந்து பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இல்திகோதான் போன் போட்டிருக்கிறார்.

"டிரா கேக்கச் சொல்லுங்க சார்" என்று பாலகுருநாதன் முணுமுணுத்தார். வாணி கேட்கவே இல்லை. ஒருமுறைகூட. உதட்டைக் கடித்துக்கொண்டு, தோற்றுக்கொண்டிருக்கிற ஆட்டத்தை அங்குலம் அங்குலமாக இழுத்துப் பிடித்தாள். யானைகள் வெட்டுப்பட்டன. ராணிகள் போயின. வெளியே இருட்டிவிட்டது. கடைசியில் அவரிடம் இரண்டு குதிரையும் ஒரே ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணி ஆகிவிடும், ஆட்டம் முடிந்தது. வாணியிடம் ராஜாவை விட்டால் ஒரு பிஷப் மட்டும்.

அவள் கையைத் தூக்கினாள். பிஷப்பைக் கொண்டுபோய் அந்தச் சிப்பாயை வெட்டினாள். அவர் ராஜா பிஷப்பை வெட்டியது.

"போச்சு சார்!" என்றார் பாலகுருநாதன். "இங்க ஒண்டி ராஜா. அங்க ரெண்டு குதிரை. முடிஞ்சுபோச்சு!"

"முடியாதுங்க" என்றேன். "ரெண்டு யானை இருந்தா முடியும். ரெண்டு பிஷப் இருந்தா முடியும். வெறும் ரெண்டு குதிரையை வெச்சுட்டு, தப்புப் பண்ணாத ராஜாவை மடக்கவே முடியாது. எத்தனை கொள்ளுப் போட்டாலும் முடியாது. இது டிராங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு செஸ் தெரியாதுன்னீங்க?"

போடோர் பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாணியிடம் கையை நீட்டினார். தொப்பிக்காரக் கிழவர்கள் முதலில் தட்டினார்கள், அப்புறம் ஹாலே தட்டியது. நடுவர் 'உஷ்' என்று சொல்ல மறந்து அவரும் தட்டினார். ஆறரை! என் வாணி கிராண்ட்மாஸ்டர்! என் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. போடோரின் சளி ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

அவர் கயிற்றுப் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் சென்னி! குதிரைகள் நன்றாகச் சாப்பிட்டன!" என்று உரக்கச் சொன்னார். அதோடு விடவில்லை மனிதர். வாணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: நேற்று டிரா தருகிறேன் என்றதும், நான் வேண்டாம் என்றதும், ஜெயிக்க ஆடச் சொன்னதும்.

வாணி என்னைப் பார்த்தாள். "நெசமாவா மாமா?"

"ம்."

"அரைப் புள்ளி இருந்தாப் போதும்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

நான் தலை நிமிரவில்லை. மண்டபத்தில் வைத்துத் திட்டமாட்டாள், ஓட்டலுக்குப் போய்த்தான் என்று கணக்குப் போட்டேன். அப்போது போடோர் சொன்னார்:

"முதல் நாள் கூட்டத்தில் உங்கள் மனைவி என்னிடம் வந்து, 'கடைசிச் சுற்றில் எனக்குச் சும்மா டிரா தராதீர்கள், உங்களோடு ஆடுவதற்குத்தான் வந்திருக்கிறேன்' என்றார். நான் நம்பவில்லை. ஆடுகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் இப்படித்தான் பேசுவார்கள். கடைசி நாள் வீட்டுக்காரர் யாராவது வந்து வாசலில் நிற்பார். நீங்கள் ஃப்ளாஸ்க்கோடு வந்தபோது, வந்துவிட்டார் வீட்டுக்காரர் என்று நினைத்தேன்." இரண்டு கையையும் விரித்தார். "உங்கள் வீட்டில் ஒருவருக்குக்கூடவா புத்தி கிடையாது?"

நானும் வாணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சும்மா வணக்கம் சொன்னேன் என்றவள்!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஆறு மணி நேரம் உட்கார்ந்ததில் அவளுக்கு விரல்கள் ஜில்லிட்டுப் போயிருந்தன. நாற்காலியில் கிடந்ததை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, ஹாலுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"மாமா, ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டேன்."

மார்ச் 21, கோயம்புத்தூர்

இல்திகோவிடமிருந்து மின்னஞ்சல். இந்த மாதப் போட்டியில் போடோர் ஒருவருக்கும் டிரா கொடுக்கவில்லையாம். நாலு ஜெயம், ஐந்து தோல்வி, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம். தினமும் அந்த நீலக் கோட்டுதான். தொப்பிக்காரக் கிழவர்கள் நாற்காலி போதவில்லை என்று சண்டை போடுகிறார்களாம். அவரோடு மோத வேண்டும் என்றே இரண்டு பேர் அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நார்முக்காகப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் எல்லோரும் புகார் செய்கிறார்கள். கேன்டீனில் சூப் மிஞ்சிப்போகிறது. "நீங்கள் அவருக்கு என்னவோ கொடுத்தீர்களாம். தயவுசெய்து இனிமேல் கொடுக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார்.

என்ன செய்வது? ஐந்து கிலோ போன வாரமே பார்சலில் போய்விட்டது.